நான் சொல்றவரைக்கும் அம்ப உடாதீங்க

...மறுபடியும் கை எறங்குது ஹெர்பர்ட் சார்! வில்லு புடிச்ச கை! தூக்குங்கன்னா தூக்க மாட்டேங்கறீங்களே... இருங்க, நானே தூக்கி நிறுத்தறேன். ஹாங். இப்ப நாண கன்னத்தாண்ட இழுத்து நிறுத்துங்க. நான் 'உடுங்க'ன்னு சொல்றவரைக்கும் அம்ப உடக்கூடாது. நேத்து அவசரப்பட்டுத்தானே ஃபாதரோட முருங்க மரத்துல போய் குத்திக்கினு நின்னுச்சி? ரிட்டயர்டு ஹெட்கிளார்க்கு நீங்க. ஆபீஸ்ல ஒரு ஃபைல எத்தினி மாசம் புடிச்சி வச்சிருப்பீங்க! ஒரு அம்ப புடிச்சி வைக்க முடியலியா?

எத சொன்னாலும் ஒரே சிரிப்புதான்! சிரிங்க. எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே சிஷ்யரு நீங்கதான். ஓஸ்வால்ட் போய்ட்டான், ஜெயராஜும் போய்ட்டான். பேட்மிண்டன் ஆடறானுங்களாம்! ஒரு கோழி றெக்கைய அடிச்சி அடிச்சி வெளாடறதுக்கு கிளப்பு வேற! இப்ப மாதா கோயில் பின்னால இருக்கிற இந்த எடத்தையும் கேட்டு ஃபாதராண்ட போய் நிக்கறானுங்க. அவரு இன்னா சொல்லிட்டாரு? "சில்வெஸ்டர், ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் ஹெர்பர்ட் ஒரு அம்பு அடிக்கட்டும். வைக்கோல் கட்டுல பட்டா எடம் ஒனக்கு. படலேன்னா அவங்க வலை கட்டிக்கட்டும்"னுட்டாரு. பேஜாரா பூடுச்சி சார். இந்த எடமும் போச்சின்னா பிளாக்பள்ளி கடைத்தெருவுலயா நின்னு அம்பு உடுவேன்?

ஏன் எறக்கிட்டீங்க? மூச்சு வாங்குதா? சரி, வாங்கிக்கினு மறுபடியும் இழுங்க. மூங்கில் வில்லுதானே, லேசுதான்.

ஆனேக்கல்ல எனக்கு வில்லு கத்துக் குடுத்த வஸ்தாதாண்ட நான் பட்ட பாடு இருக்குதே, வேணாம் சார்! வாயத் தொறக்க மாட்டாரு மனுஷன். வில்லயே தொட உடல. கைய நீட்டச் சொல்லி மணிக்கட்டுல தண்ணி சொம்ப கட்டித் தொங்க உட்டுட்டு, அவரு பாட்டுக்கு பீடி பத்த வச்சிக்குவாரு. தளும்புச்சின்னா கெணத்துக்குப் போய் மறுபடியும் மொண்டுக்கினு வரணும். ஏன், எதுக்கு? ஊஹூம், ஒரு வார்த்த கெடையாது! வில்லு கையில வந்தப்புறம்தான் கை ஏன் அசையலன்னு எனக்கே புரிஞ்சிச்சி. அன்னிக்கே முடிவு பண்ணேன்... என் சிஷ்யருங்களுக்கு எல்லாத்தையும் வெளக்கிச் சொல்லித்தான் குடுக்கணும்னு. மூச்ச எப்ப நிறுத்தணும், ஒத்தக் கண்ணா ரெண்டு கண்ணா, கட்ட வெரல் எங்க இருக்கணும்... எத நான் சொல்லாம உட்டேன்? அப்டியும் ஓடிப் போறானுங்களே!

நீங்க பரவால்ல சார். இன்னிக்கு கை நடுங்கவே இல்ல பாருங்க. எல்லாம் நான் சொல்லிச் சொல்லி ஏத்தினது. இப்ப மூச்ச மெதுவா...

சார்! யாரு உடச் சொன்னா? நான் இன்னும் சொல்லவே... ஏசுவே! நட்ட நடுவுல! வைக்கோல் கட்டுக்கு நட்ட நடுவுல சார்! எனக்கு கண்ணே கலங்கிடுச்சி. எப்டி அடிச்சீங்க? நான் சொன்ன மூச்சுப் பாடம்தானே? சார்... உங்களத்தான்! இன்னாது அது, காதுலருந்து எடுக்கறீங்க? பஞ்சா? ரெண்டு காதுலயுமா? எப்பத்துலருந்து?

இன்னிக்கு வந்ததுலருந்தா!

அப்ப ஓஸ்வால்டு, ஜெயராஜு... அவனுங்க போனது என் வாயாலதானா? ம்... மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்குது சார்.

ஐயோ, அத தூக்கிப் போடாதீங்க! ஞாயித்துக்கிழமயும் வச்சிக்கினே வாங்க. நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன். ஆனா பஞ்ச சும்மா அடைச்சா போதாது சார், அத எப்டி உருட்டணும், எவ்ளோ உள்ள வைக்கணும்னு நான் வெளக்கிச் சொல்றேன், கேளுங்க. மொதல்ல... ஏன் சார், நான் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே சொருகிக்கினீங்க?