செத்துப்போன அஞ்செழுத்து

எட்டு பாயிண்டுல தோத்தோம். அதுவும் சாப்பேலே ஊர்க்காரங்ககிட்ட. இந்த வாரி ஊர்ல பொறந்தவன் வெளிய சொல்லக்கூடாத விஷயம். நீ கேட்டுட்ட, சொல்றேன்... கேக்கலியா? செவுத்துல இருக்கிற போட்டோவ அவ்ளோ நேரம் பாத்தியே, அது கேட்ட மாதிரிதான்.

எந்திரிக்காத தம்பி. கரண்ட் போனா நான் என்ன பண்ண? ஜெனரேட்டர்ல பெட்ரோல் இல்ல. பாதி மழிச்சு பாதி காடா வெச்சுக்கிட்டு எங்க போவ? பொண்ணு கேக்கப் போறேன்னு வேற சொன்ன. இப்படிப் போனா அவ அப்பன் நாய அவுத்து விட்டுருவான். உக்காரு.

ஸ்க்ராபிள் தெரியும்ல? லாகோஸ்காரன், கொஞ்சமாவது தெரியும். இந்தக் கடை வாசல்ல இருவத்திரெண்டு வருஷமா ஆடறாங்க. சங்கத்துக்குத் தலைவன் நான். வார்த்தை வாத்தியாரும் நான்தான். வாராவாரம் ஒரு பட்டியல் எழுதி ஒட்டுவேன். அஞ்செழுத்து, உள்ள வி இருக்கணும். அஞ்செழுத்து, ஜேயும் கேயும் ரெண்டும் இருக்கணும். அஞ்செழுத்து, க்யூ இருக்கணும், யூ இருக்கக்கூடாது. இப்படி. ஏழெழுத்து எட்டெழுத்துன்னு ஆசப்படறவன் பலகைய எதிராளிக்குத் தொறந்து விட்டுருவான். நாங்க அஞ்சுலயே அடைச்சிருவோம். எதிர்ல இருக்கிறவனுக்குக் கால் வெக்க எடம் இருக்காது.

அர்த்தமா? அர்த்தம் எதுக்கு? அரிசி வாங்கறப்ப எந்த வயல்ல வெளஞ்சுதுன்னா கேக்கற? வார்த்தை செல்லுமா செல்லாதா, அவ்ளோதான்.

செல்லுமா செல்லாதாங்கறதுலதான் வந்துச்சு வெனை.

போட்டோல கப்பத் தூக்கிட்டு நிக்கறான் பாரு, அவன் துவோயோ. சந்தியில ஆட்டோ ஓட்டறவன். எங்க ஆளுங்கள்ல அவன்தான் ஒசத்தி. கண்ணாடிக்குக் கீழ என் பட்டியலச் செருகி வெச்சிருப்பான். ஏறினவன் "போப்பா"ன்னா, "ரெண்டு வார்த்தை இருங்க"ம்பான்.

அன்னிக்கு கடைசி மேசையில அவன். எதிர்ல ஒரு பொம்பள, சாப்பேலே சந்தையில மீன் விக்கிறவ. இவன் ஜேயும் கேயும் உள்ள ஒரு வார்த்தைய வெச்சான். நல்ல எடம். அவ கையத் தூக்கினா. "செல்லாது"ன்னா. நடுவர் வார்த்தைப் புஸ்தகத்தப் பாத்தார். செல்லாது. எழுத்துக் கட்டைங்கள இவன் திரும்ப எடுத்துக்கிட்டான், ஒரு முறை போச்சு. அதுலதான் எட்டு பாயிண்டு.

நான் சும்மா இருந்தேனா? நாப்பது பேர் நின்னாங்க. "பட்டியலப் படிக்காம ஆட்டோவுல தூங்கினியா? உன்னப் பெத்ததுக்கு உங்கப்பன் தவளை வளத்திருக்கலாம், மழைக்காவது கத்தியிருக்கும்"னேன். கொஞ்சம் அதிகந்தான். "பெரியவரே, இது உங்க பட்டியல்ல இருந்த வார்த்தை"ன்னான். "என் பட்டியல்ல தப்பு வராது"ன்னேன். ஆட்டோவ எடுத்தான். போயிட்டான்.

மூணு வாரமா வரல. இந்தச் சனிக்கெழம அவங்களோட ரெண்டாவது ஆட்டம். அதுலயும் தோத்தா மாநில ஆட்டத்துக்கு அவங்க போவாங்க, நாங்க வீட்டுக்குப் போவோம். துவோயோ இல்லாம கடைசி மேசையில யார உக்கார வெக்க? ஒரு சட்டி மிளகு சூப் குடுத்தனுப்பினேன். சூப்பக் குடிச்சிட்டு சட்டியக் கழுவித் திருப்பி அனுப்பினான். கூடவே சேதி: "நாப்பது பேர் முன்னாடி திட்டிட்டு, சமாதானம் மட்டும் மூடி போட்ட சட்டியில வருதா?"

நியாயந்தான். என்ன சிரிக்கற? தலைய ஆட்டாத.

முந்தாநாள் அந்த மீன்காரியே வந்தா. இதே நாற்காலியில உக்காந்தா. கேலி பண்ண வந்திருக்கான்னு நெனச்சேன். "பெரியவரே, துவோயோ ஆடலயாமே. அப்ப நான் எதுக்கு ஆடணும்? சுறா புடிக்க வந்தவ நெத்திலியோட வீட்டுக்குப் போகவா?"ன்னா. அப்புறம் மெதுவா, "புது புஸ்தகத்துலேர்ந்து எடுத்துட்ட வார்த்தையெல்லாம் போட்டு போன வருஷம் எல்லாச் சங்கத்துக்கும் ஒரு தாள் வந்துச்சே, உங்களுது எங்க?"ன்னா.

வரலன்னேன்.

சரி, வந்துச்சு. படிச்சேன். கோவம் வந்துச்சு. நாப்பது வருஷமா நான் வெச்சு ஆடின வார்த்தைய எவனோ ஒருத்தன் உக்காந்து செல்லாதும்பானா? நாலா மடிச்சேன். இந்த மேசை அப்ப ஆடிக்கிட்டிருந்துச்சு. காலுக்கு அடியில வெச்சேன். அதுக்கப்புறம் ஆடல. மறந்துட்டேன்.

அவ கண்ணு மீன்காரி கண்ணு. குனிஞ்சா, உருவினா. மேசை சாஞ்சு சீப்பு, பவுடர் டப்பா எல்லாம் உருண்டுச்சு. தாள விரிச்சா. மூணாவது வரியில அந்த வார்த்தை.

"நானே போய்ச் சொல்லிக்கறேன்"னேன். "சொல்லமாட்டீங்க"ன்னா. சொல்லியிருக்கமாட்டேன், வாஸ்தவம். என் கையப் புடிச்சு இழுத்தா. வழுக்கற மீனையே புடிக்கிற கை, விடுமா? சந்தி வரைக்கும் அப்படியேதான். ஒரு ஆட்டோ படியில ஏறி நின்னு தாளத் தூக்கிக் காட்டினா. "கேளுங்கப்பா, இந்த வார்த்தை செத்து ஒரு வருஷமாச்சு. சாவுச் சேதி பெரியவர் மேசைக்கு அடியில கெடந்துச்சு. துவோயோ மேல ஒரு குத்தமும் இல்ல"ன்னா. சொல்லிட்டு என்னப் பாத்தா. எல்லாரும் என்னப் பாத்தாங்க.

"தப்பு என்னுது"ன்னேன். ரெண்டே வார்த்தை. அதையும் செருமிச் செருமிச் சொன்னேன். அம்பது பேராவது சிரிச்சிருப்பாங்க. துவோயோவும் சிரிச்சான். கிட்ட வந்து, "புதுப் பட்டியல் எப்ப ஒட்டுவீங்க?"ன்னான்.

சனிக்கெழம ஆடறான். அவளுக்கு எதிர்லயே. யார் ஜெயிப்பாங்கன்னு தெரியல. ஆனா ஊர்ல என்ன பேசறாங்க தெரியுமா? பெரியவர் எறங்கி வந்து துவோயோவக் கூட்டிட்டு வந்துட்டாராம். பொய். நான் எங்க எறங்கினேன்? என்னைய எறக்கினது அந்த மீன்காரி. அவ பேரு எபியெரே.