ஏரி பாத்த மாடிப் போர்ஷன்

...மூங்கில் பிரஷ்ஷும்மா! பல்லு வெளக்க மூங்கில்! அது எப்படி வந்துச்சு தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள பபிள் கவர், அதுக்குள்ள இன்னொரு கவர்... உரிச்சு உரிச்சு என் கை வலிச்சுது. உள்ள ஒரு சீட்டு, 'பூமியைக் காத்ததற்கு நன்றி'ன்னு! ஆண்டவரே!

எல்லாம் என் ஹஸ்பெண்ட், சுந்தர்சிங் சார் வேலை. மத்தவங்க ரிட்டையரானா சர்ச் கமிட்டியில சேருவாங்க. இவரு சுற்றுச்சூழல்ல சேந்துட்டாரு. மீன் வாங்க எவர்சில்வர் தூக்கோட போறாரு. மீன்காரம்மா, 'இன்னா சார், சாம்பார் எடுத்தாந்துகீறியா?'ன்னு கேக்குது. மஞ்சப்பை வீடு பூரா கெடக்கு. ஆனா கடைக்குப் போறப்ப ஒண்ணும் ஞாபகம் வராது, புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்து நிப்பாரு.

வாடகைக்கு விடற போர்ஷன்ல இதான் ஹால். நீங்க காட்டாங்குளத்தூர் காலேஜ்னு சொன்னீங்கல்ல? டிரெயினுக்குக் கிட்டதான். ஜன்னலத் தொறக்கறேன், பாருங்க... ஏரி! மனை வித்தவன் 'ஏரிக் காத்து இலவசம் டீச்சர்'ன்னான். மழைக்கு ஏரித் தண்ணியே இலவசமா கீழ் வீட்டுக்குள்ள வந்துச்சு, அத விடுங்க.

நாத்தமா? அது... அந்தா, கரையோரம் எருமைக் கொட்டா தெரியுதா? எத்திராஜோடது. பால் நல்ல பால்தான், நாங்களே அங்கதான் வாங்குறோம். ஆனா சாணி பூரா ஏரிக்குள்ள! ஏரி என்ன அவரு அப்பன் வீட்டுச் சொத்தா? இந்தத் தெருவுல சிறுசேரி ஐ.டி. கம்பெனிப் பசங்க சேந்து 'ஏரியைக் காப்போம்'னு குரூப் ஆரம்பிச்சாங்க. பச்சை டீ-ஷர்ட்டு, சுத்தமான பாலியஸ்டர். கரையச் சுத்தி நடைபயணம். நடந்தவங்க குடிச்ச பாட்டில்தான் இன்னும் மெதக்குது.

நடந்தா ஏரி வந்துருமா? ஆக்கிரமிப்ப எடுக்கச் சொல்லி மனு போட வேணாமா? எங்க சார் அங்கதான் பின்வாங்கிட்டாரு. 'வேணாம் மெட்டில்டா, அந்தாளு பொழப்பு'ன்னாரு. மூங்கிலுக்கு இருந்த வீரம் இதுக்கு இல்ல! நானே எழுதுனேம்மா. தமிழ் டீச்சரா இருந்தவளுக்கு மனு எழுதத் தெரியாதா? 'ஆக்கிரமிப்பு யாருடையதாயினும் தயவு தாட்சண்யமின்றி அகற்றுக!' பாஸ்டரே அந்த வரியப் பாராட்டுனாரு.

நம்ம ஊர்ல எந்த மனுவுக்கும்மா பதில் வந்திருக்கு? இதுக்கு வந்துச்சு! சர்வேயரே வந்துட்டாரு. மிஷின் வெச்சு அளந்தாரு. எத்திராஜ் கொட்டாகிட்ட நின்னு, 'இது பட்டா எடம்மா, தாத்தா காலத்துது'ன்னாரு. நான் விடுவனா? 'நல்லாப் பாருங்க சார்'ன்னேன்.

நல்லாப் பாத்தாரு.

நேரா நம்ம கேட்டுக்குள்ள வந்தாரு. சமையக்கட்டுச் சுவத்துல செவப்பு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டாரு. சமையக்கட்டு மட்டும் தரையாம். கீழ் ஹாலு, பெட்ரூம், மேல நாம நிக்கற இந்தப் போர்ஷன்... எல்லாம் ஏரியாம்! நாம ரெண்டு பேரும் இப்ப தண்ணிக்குள்ள நிக்கறோம்மா, கவர்மெண்ட் கணக்குல!

எங்க சார் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூட பரவால்ல. அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டாரு. அப்ப எத்திராஜ் வராரு. 'டீச்சரம்மா, இடிக்க வந்தாங்கன்னா சாமானுங்கள நம்ம கொட்டாயில போட்டுக்கினு இருங்க'ன்னாரு. நக்கல்னு நெனச்சு முறைச்சேன். நக்கல் இல்லம்மா. நெஜமாவே சொன்னாரு! அதத்தான் என்னால தாங்க முடியல.

ஆனா நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. கேஸ் போட்டிருக்கோம், இழுக்கும். நீங்க பதினோரு மாசம்தானே இருக்கப் போறீங்க, அதுக்குள்ள இங்க யாரு இடிக்கப் போறா? பாத்ரூமக் காட்டுறேன் வாங்க, வெஸ்டர்ன் டைப்பு...

ஏம்மா? ஃபோனா? சிக்னல் இங்கயே நல்லாக் கெடைக்குமே... ஏம்மா! அதுக்குள்ள கீழ எறங்கிட்டீங்களா? கேட்டு முன்னாடி இருக்கு, அந்தப் பக்கம் எங்க ஓடுறீங்க? அது எத்திராஜ் எடம்மா... பட்டா எடம்! கேக்காம உள்ள போகக் கூடாது!