பொட்டு வைக்காத சைக்கிள்

மாலை ஐந்தே முக்கால். தாமல் ஏரிக்கரைச் சாலை. போன வருஷம், ஆயுத பூஜை அன்று... ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பயமெல்லாம் இல்லை. முதுகுப் பக்கம் காலியாக இருந்தால் எனக்குக் கதை வராது, அவ்வளவுதான்.

இது எனக்கு நடந்ததில்லை. நடந்திருந்தால் அந்தக் கரையிலேயே நான் முடிந்திருப்பேன், நீங்களும் நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். நடந்தது என் நண்பன் ஜெயக்குமாரின் மச்சான் விக்னேஷுக்கு.

விக்னேஷ் பிள்ளையார்பாளையத்தில் கல்யாண போட்டோகிராபர். பிழைப்புக்கு மணப்பெண், ஆசைக்குத் துரு. உடைந்த கேட், காயலான் கடைத் தராசு, ஓட்டை பஸ்... எதைக் கண்டாலும் மண்டி போட்டுப் படம் எடுப்பான்.

“என்னை ஒருநாளாவது இப்டிப் பாத்திருக்கியா? நானும் துருப்பிடிக்கணுமா?” என்று அவன் மனைவி காயத்ரி கேட்பாள். அவன் உட்கார்ந்து யோசிப்பான். அந்த யோசனைக்கே தனியாக அடி விழும்.

அன்று மதியம் எதிர்வீட்டுத் தையல்நாயகி அக்கா அவன் கேமராவுக்குப் பொட்டு வைத்தார். தெருவில் தறி, ஆட்டோ, மிக்சி எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் பொட்டு வைப்பவர் அவர்தான். கடைசியாகத் தன் வீட்டுச் சுவரில், வெறும் சுவரில், ஒன்று வைப்பார். முன்பு அங்கேதான் அவர் கணவர் முனுசாமியின் சைக்கிள் சாய்ந்திருக்கும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதே பூஜைக்குப் பூசணிக்காய் வாங்க அந்த சைக்கிளில் தாமலுக்குப் போனவர் திரும்பவில்லை. யாரோடோ ஓடிவிட்டார் என்றது தெரு.

“பூசணிக்காய்க்குப் பையை எடுத்துக்கினு எவன்பா ஓடுவான்? வருவாரு,” என்பார் அக்கா. பன்னிரண்டு வருஷமாக அதே வாக்கியம்தான்.

மீதிக் குங்குமத்தை மடித்து விக்னேஷ் கையில் கொடுத்தார். “வழில எந்த வண்டியாவது பொட்டு இல்லாம நின்னுக்கினு இருந்தா வச்சிடுப்பா. இன்னிக்கு எதையும் வெறுமனே வுடக்கூடாது.”

பூஜையில் வைத்த கேமராவை அன்று தொடக்கூடாது. தொட்டான். ஏரியில் மண் அள்ளிய பள்ளத்தை ஒட்டி ஏதோ துரு தெரிகிறதென்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

இறங்கிப் பார்த்தான். சேற்று வாடை. பாதி புதைந்த ஒரு சைக்கிள்... டயர் இல்லை, சீட் இல்லை. அந்தத் துருவை அவன் வர்ணித்ததைச் சொல்கிறேன், யாரும் சிரிக்கக்கூடாது. ஓரத்தில் மஞ்சள், நடுவில் செங்கல், அடியில் அரக்கு. எந்தப் பட்டிலும் அந்தச் சாயம் ஏறாதாம். கேரியர் முழுக்க மீன் செதில் மாதிரிப் பொருக்கு. ஹேண்டில்பாரில் யாரோ சுற்றிய சரிகை மட்டும் மங்காமல் மின்னியது.

படத்தில் ஒரு சிவப்பு குறைந்தது. பொட்டலத்தைப் பிரித்தான். ஹேண்டில்பாரின் நடுவில் ஒரு பொட்டு. க்ளிக்.

ணக்.

சேறு அடைத்த பெல். அவன் தொடவில்லை. காற்றும் இல்லை...

ஓட்டமாக வீட்டுக்கு வந்தவன், வாசலில் நின்ற அக்காவிடம் பந்தாவாகக் கேமராவை நீட்டினான். “ஏரில ஒண்ணு வுட்டுப்போயிருந்துச்சுக்கா. அதுக்கும் வச்சிட்டேன்.”

அக்கா அந்தச் சரிகையை ரொம்ப நேரம் பார்த்தார். அழவில்லை. “கேரியர் உடையாம இருக்குதாபா?” என்று மட்டும் கேட்டார்.

“துருதான்க்கா. ஆனா உடையல.”

“சரி. பூஜை போட்ட வண்டி. காலைல ஒரு சுத்து ஓட்டணும் இல்ல?” சொல்லிவிட்டு உள்ளே போனார். ஊர் வழக்கம் அதுதான். பொட்டு வாங்கிய வண்டி மறுநாள் ஒரு சுற்றாவது ஓட வேண்டும்.

விக்னேஷுக்கு அப்போதும் உறைக்கவில்லை. சரிகை யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. அவனைத் திட்டாதீர்கள். நானாக இருந்தால் படத்துக்கு எத்தனை லைக் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

விடியற்காலை நாலரை. தெருநாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. அதில்தான் அவனுக்கு விழிப்பு வந்தது.

கரக்... கரக்... கரக்...

சிமெண்ட் ரோட்டில், டயர் இல்லாத ரிம். கதவிடுக்கு வழியாக ஏரிச் சேற்று நாற்றம். ஈர இரும்பின் வாடை. காயத்ரி அவன் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. சத்தம் எதிர்வீட்டு வாசலில் நின்றது.

ணக்.

தாழ்ப்பாள் விலகியது. அக்காவின் குரல், சண்டைக்காரக் குரல்: “ஒரு பூசணிக்காய்க்கு இவ்ளோ நேரமாய்யா?”

பதில் வந்ததா தெரியவில்லை. காயத்ரி இவன் காதைப் பொத்திவிட்டாள். அவள் காதை யார் பொத்துவது? அவள் என்ன கேட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

பிறகு மறுபடியும்... கரக்... கரக்... இந்த முறை மெதுவாக. பாரம் ஏறியதுபோல.

விடிந்து பார்த்தால் அக்கா வீடு திறந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. சுவரில் பொட்டு இல்லை. படியில் ஒரு பூசணிக்காய், சேறும் சாம்பலுமாக, நேற்றுப் பறித்ததுபோல. அக்காவை இன்றுவரை காணவில்லை. போலீஸ் தேடியது, ஏரியையும் தேடியது. தெருவோ அன்றிலிருந்து முனுசாமியைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு இது பயமா, கொஞ்சம் பொறாமையா என்று இன்னும் பிடிபடவில்லை.

அன்று காலையே ஜெயக்குமாரை இழுத்துக்கொண்டு விக்னேஷ் ஏரிக்குப் போனான். சைக்கிள் அதே இடத்தில், அதே பாதி புதைவில். சுற்றியிருந்த சேறு காய்ந்து, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கேமராவை எடுத்து, முந்தின நாள் படத்தோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டான். அதே மஞ்சள், அதே செங்கல், அதே பொட்டு. எல்லாம் அப்படியே.

கேரியர் மட்டும்... நடுவில் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்குப் பொருக்கு உதிர்ந்து, இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது.

விக்னேஷ் அதில் கையை வைத்துப் பார்த்தான்.

சூடாக இருந்தது.