மக்பால் யாருக்கும் கடன்படவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே! ஓய்வூதிய நிதி நிறுவனத்தின் தலைவர் சபர்பெக் அகா அவர்களே! என் அம்மாவோடு பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்களே! முன்வரிசைகளில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் ரயில்வே தாத்தாக்களே! அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் என் சலாம்.

நான் கம்ஷத். பத்தாம் வகுப்பு. மறைந்த முதலீட்டு மேலாளர் மக்பால் யெர்கினோவ்னாவின் மகள். நான் பேச வேண்டியதை அலுவலகத்திலேயே அடித்து அனுப்பியிருந்தார்கள். அரைப் பக்கம். அது என் பையில் இருக்கிறது. கையில் இருப்பது, வீட்டில் யாருக்கும் தெரியாமல் நானே எழுதியது.

என் அம்மா யார்? தண்டவாளத்தில் சம்மட்டி பிடித்த ஒரு கேங்மேனின் மகள். பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தார். கூடப் படித்தவர்கள் பங்குச் சந்தைக்கு ஓடினார்கள். அம்மா கடன்பத்திரத்தின் பக்கம் போனார். உங்கள் ஓய்வுக்காலப் பணத்தை ஆலைக்கும் அரசாங்கத்துக்கும் கடனாகக் கொடுத்து, தவணை தவறாமல் வட்டி வாங்கி, கடைசியில் முதலையும் திரும்ப வாங்கும் வேலை. "தூங்குமூஞ்சி வேலைடி இது" என்று தோழிகள் கேலி செய்வார்களாம்.

அம்மா என்னிடம் சொல்வார்: "பங்கு வாங்கறவ கனவு காணலாம். நான் ஒரே கேள்விதான் கேக்கணும். திருப்பிக் குடுப்பானா? இந்த வேலையில ஜெயிச்சா ஒண்ணுமே நடக்காது கம்ஷத். தோத்தாத்தான் பேப்பர்ல பேர் வரும்."

பத்தொன்பது ஆண்டுகள் ஒன்றுமே நடக்கவில்லை! டெங்கே நாணயத்தின் மதிப்புச் சரிந்த ஆண்டிலும் உங்கள் பணம் வந்தது. வங்கிகள் கதவைச் சாத்திய ஆண்டிலும் வந்தது. யாராவது கைதட்டினீர்களா? இல்லை. அம்மா எதிர்பார்க்கவும் இல்லை.

இப்போது பேப்பரில் பேர் வந்துவிட்டது. "சிமெண்ட் ஆலைக் கடன்பத்திரத்தில் ஏற்பட்ட இழப்பு, மறைந்த மேலாளர் எடுத்த முடிவின் விளைவு." நிறுவனத்தின் அறிக்கை அது. போன வாரம் கடைத்தெருவில் ஒரு தாத்தா என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்கம்மா எங்க பென்ஷனத் தின்னுட்டுப் போயிட்டா." அவர் இங்கே இரண்டாம் வரிசையில் இருக்கிறார். தாத்தா, என் கோபம் உங்கள் மேல் இல்லை.

அந்த ஆலைக்கு நானும் போயிருந்தேன். போன இலையுதிர்கால விடுமுறையில் அம்மா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். பத்திரம் வாங்க வந்தவர்களுக்கு ஆலைக்காரர்கள் விருந்து வைத்தார்கள். விருந்துக்குக் குதிரையே அறுத்திருந்தார்கள். பெரிய விருந்தாளிக்குரிய வேகவைத்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து, தலைவர் அகாவின் முன்னால் நகர்த்தினார்கள். எல்லோரும் வாழ்த்துச் சொல்லிக் கோப்பையை உயர்த்தும்போது அம்மா எழுந்து சமையலறைக்குப் போனார்; நானும் பின்னாலேயே போனேன். எங்கே போனாலும் அவர் அப்படித்தான். கணக்குப் புத்தகத்தைக் கூடத்தில் பார்ப்பார். உண்மையைச் சமையலறையில் கேட்பார்.

"கறி நல்லா வெந்திருக்கு அக்கா. சம்பளம் வந்துச்சா?"

சமையல்கார அம்மா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "சம்பளமா? ஜூன்ல கண்ணால பாத்தது. இந்த ஆடே என் மச்சான்கிட்டக் கடனுக்குப் புடிச்சிட்டு வந்ததுதான். நீங்க பணம் குடுத்தா அவனுக்குக் காசு. இல்லன்னா அவன் என் தலையைத் தட்டுல வெப்பான்."

திரும்பும் வழியில், காரில், தலைவர் அகா மகிழ்ச்சியாக இருந்தார். "தலையையே என் முன்னாடி வெச்சான் மக்பால்! இவ்வளவு மரியாதை தெரிஞ்சவன் ஏமாத்துவானா?"

"தலை உங்க முன்னாடி வந்திருச்சு அகா. ஆட்டுக்காரனுக்கு இன்னும் ஒண்ணும் வரல. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"உனக்குச் சபையும் தெரியல, சந்தையும் தெரியல."

நான் பின் இருக்கையில் தூங்குவதுபோலக் கிடந்தேன். தூங்கவில்லை அகா.

நிறுவனம் அந்தப் பத்திரங்களை வாங்கிய தேதி பிப்ரவரி பதினொன்று. அறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது. அன்று அம்மா எங்கே இருந்தார் தெரியுமா? அறுவைச் சிகிச்சை மேசையில்! காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை நான் ஆஸ்பத்திரி நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். மயக்கத்தில் கிடந்தவர் முடிவெடுத்தாரா? நெஞ்சைத் திறந்து வைத்திருந்தபோது கையெழுத்துப் போட்டாரா? மே மாதம் ஆலை வட்டியை நிறுத்தியது. ஜூனில் அம்மா போய்விட்டார். செத்தவர் மறுத்துப் பேசமாட்டார். அவ்வளவு வசதி!

அம்மாவை அடக்கம் செய்த ஜனாஸா அன்று எங்கள் குடியிருப்பின் முற்றத்தில் உங்களில் பாதிப் பேர் நின்றீர்கள். நான் இரண்டாம் மாடி ஜன்னலில் இருந்தேன். அம்மாவின் தம்பி யெர்மெக் மாமா உரக்கக் கேட்டார்: "எங்கக்கா யாருக்காவது கடன்பட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க. அது என் கடன். நான் தீக்கறேன்." மூன்று முறை கேட்டார். தலைவர் அகா முன்னால் நின்றார். வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் வாய் மூடி நின்றால் என்ன பொருள் என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடன் இல்லை என்று ஒப்புக்கொண்டு, பிடி மண்ணும் போட்டுவிட்டு, ஒன்பதாம் நாள் பேப்பரில் கடன் எழுதுவது எந்த ஊர் வழக்கம்?

மாமா நேற்று என்னிடம் சொன்னார்: "உன் ஸ்கூல் ஃபீஸை அவங்கதான் கட்டறாங்க. குடுத்ததைப் படிச்சிட்டு எறங்கிடு கண்ணு."

"முற்றத்துல நின்னு கேட்டது நீங்கதானே மாமா?"

மாமா என்னைப் பார்க்காமல் காலணியைத் துடைக்கப் போய்விட்டார். நாளை முதல் எனக்குப் பள்ளிக்கூடம் இருக்குமா என்று தெரியாது. பயமாக இருக்கிறது. அது இல்லையென்றால் அரசுப் பள்ளியில் படிப்பேன். அங்கேயும் கூட்டு வட்டி அதேதான்.

ஏனென்றால் நான் அம்மாவின் வேலைக்குத்தான் வரப்போகிறேன். வேறு எதற்கும் இல்லை. அந்தத் தூங்குமூஞ்சி வேலைக்கு! கடன்பத்திரங்களைப் பார்க்கும் மேசைக்கு. விருந்து வைத்தால் சமையலறைக்குப் போவேன். காவல்காரரிடம் சம்பளம் வந்ததா என்று கேட்பேன். தாத்தாக்களே, உங்கள் பேரப்பிள்ளைகளின் பணத்துக்கு ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்வேன். இது மக்பால் யெர்கினோவ்னாவின் பெயரால் நான் கொடுக்கும் வாக்கு.

போவதற்கு முன் ஒன்று. மாமா கேட்டதை நான் திருப்பிப் போட்டுக் கேட்கிறேன். என் அம்மாவுக்கு யாராவது கடன்பட்டிருக்கிறீர்களா? இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

சபர்பெக் அகா, இது முதல் முறை. இன்னும் இரண்டு முறை கேட்பேன். அதுவரை இறங்கமாட்டேன்.