மலை ஏறுவதற்குள் ஒரு விமானம்

“நாம மலை ஏறுறதுக்குள்ள அவரு கடலத் தாண்டிடுவாராம்க்கா.”

கள்ளக்குறிச்சியில் கிளம்பிய வெள்ளிமலை பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னாள். கார் நிக்கோபார் தீவில் கொத்தனார் வேலை பார்க்கும் அவள் கணவனுக்குக் குடல்வால் வலி முற்றிவிட்டதாம். ஆபரேஷனுக்காகப் போர்ட் பிளேருக்கு விமானம் ஏற்றியிருந்தார்கள்.

“எம்மா நேரமாவும்?”

“ஒரு மணி நேரந்தானாம். கப்பல்னா ராத்திரி பூரா ஆவுமாம்.”

“அப்புறம் இன்னாத்துக்கு அழுதுகினு வர்ற?”

“நடுவுல எறங்க எடமே இல்லியேக்கா, எல்லாம் தண்ணி.”

மலையடிவாரத்தில் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். “மேல போனா டவர் கெடைக்காதும்மா. போன் வரட்டும்.”

யாரும் முணுமுணுக்கவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்தார். கால்மணி நேரம் கழித்து அவள் போன் அடித்தது.

“எறங்கிட்டீங்களா? ஆஸ்பத்திரிக்கே வந்துட்டீங்களா?”

பேசி முடித்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னா சொன்னாரு?” என்றார் அந்த அம்மாள்.

“ஒரு மணி நேரத்துல ஆபரேஷனாம், பயமில்லன்னு டாக்டரே சொன்னாராம். மொத மொத ஏரோபிளேன்ல வந்தேன், ஜன்னல் பக்கம் படுக்க வெக்கலன்னு ஒரே கோவம்க்கா அவருக்கு.”