கூழ் ஊற்றிய ஞாயிற்றைக் கேட்டறிந்த டாக்டர் ரத்தினபாய் அவர்களுக்கு

“மெஷின்ல பச்சை டிக் வந்தாச்சு மேடம்! கையெழுத்துப் போட இன்னும் என்ன? வெளியே பதினாறு பேர் வெயிட்டிங்!”

“நீ கத்தினா குழந்தை வளந்துடுமா மெர்வின்? அந்தப் பொண்ணை மறுபடி படுக்கச் சொல்லு!”

போன வருடம் சித்திரை பிறந்த வாரம், நம் அப்போதைய மேலாளர் மெர்வினும் நீங்களும் போட்ட இந்தச் சண்டை, ஸ்கேன் அறைக் கதவு சாத்தியிருந்தும், பம்மல் ஷேர் ஆட்டோவில் வந்திறங்கியவர்கள் வரை கேட்டது. கதவோரம் காது வைத்திருந்தது யார் என்று விசாரிக்காதீர்கள். கீழே கையெழுத்திட்டிருக்கும் அனைவரும்தான்.

கருவின் காட்சியைக் கண்ணெனக் காத்த காருண்யமே! இருபத்தேழு ஆண்டுகள் இருட்டறையில் இருந்தபடி சிட்லபாக்கம் சுற்றுவட்டாரத்துக்கே நம்பிக்கை தந்த நாயகியே! எங்கள் டாக்டர் அம்மையீரே, வணக்கம்!

செயற்கை நுண்ணறிவு ஸ்கேன் இயந்திரம் வந்த நாளில் அதற்குப் பொட்டு வைத்தோம், மாலை போட்டோம், கேக்கும் வெட்டினோம். பொய் சொல்லக் கூடாது. தலையையும் தொடையெலும்பையும் கண்ணிமைக்கும் நேரத்தில் அளந்தது, காபியும் கேட்கவில்லை. “என் கையைவிட வேகம்ப்பா” என்று நீங்களே மெச்சினீர்கள்.

அன்று வந்தவர் துர்கா, கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்து மருமகள். முதல் ஸ்கேன் தாள் மழையில் போயிருந்தது. கடைசி மாதவிலக்கை அவருக்குத் தேதியாகச் சொல்லத் தெரியவில்லை. வரவேற்பு மேசை ஜெரூஷா படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். இயந்திரமோ, குழந்தையின் அளவைப் பார்த்து முப்பத்திரண்டு வாரம் என்று தானே முடிவுகட்டி, முப்பத்திரண்டு வாரத்துக்கு வளர்ச்சி கச்சிதம் என்று தனக்குத் தானே மதிப்பெண்ணும் போட்டுக்கொண்டது.

நீங்களோ கேட்டீர்கள்.

“கங்கையம்மனுக்குக் கூழ் ஊத்துனாங்களே டாக்டரம்மா, ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம, அன்னிக்கு தலைக்கு ஊத்திகினேன்” என்றார் துர்கா.

“நாந்தான் தண்ணி மொண்டு குட்த்தேன்” என்று சாட்சி சொன்னார் மாமியார் முத்தாலம்மாள்.

மாதவிலக்கு முடிந்து தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து மூன்று நாள் பின்னால் போய், விரல் விட்டு எண்ணினீர்கள். முப்பத்தாறு வாரம்! வயிற்றில் இருந்தது நான்கு வாரம் வளர்ச்சி குன்றிய குழந்தை. தொப்புள்கொடியில் ரத்த ஓட்டத்தைப் பார்த்தீர்கள், திணறிக்கொண்டிருந்தது. அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. ஒன்றே முக்கால் கிலோவில் ஒரு பெண் வீறிட்டு அழுதாள்.

எங்கள் வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். மறுமாதமே வரவேற்புச் சுவரில் அந்தக் குழந்தையின் படத்தோடு பதாகை: “செயற்கை நுண்ணறிவு காப்பாற்றிய சிசு!” உங்கள் பெயர் ஓர் ஓரத்தில்கூட இல்லை. போதாக்குறைக்கு, ஒருவருக்கு இருபது நிமிடம் என்பது ஏழாகச் சுருங்கியது. ‘தேவையற்ற விசாரிப்பு’ என்று உங்களுக்கு மெமோவும் வந்தது. விசாரிப்பாம், தேவையற்றதாம்! பேத்தியைத் தூக்கி வந்த முத்தாலம்மாள், பதாகையில் இருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “இன்னா சார் இது, கூழ் ஊத்துன நாளை மிசினா வந்து கேட்டுச்சு?” என்று வரவேற்பிலேயே நின்று கேட்டார்.

நேற்று அந்தப் பதாகையை நாங்களே கழற்றிவிட்டோம். அதே ஆணியில்தான் இந்த மடல் தொங்கும். முடிந்தால் கழற்றிப் பார்க்கட்டும்! ஓய்வுபெறும் நீங்கள் செம்பாக்கம் வீட்டில், யாரும் நிமிடம் எண்ணாமல், நோயற்று நூறாண்டு வாழ்க!

அன்று சண்டை போட்ட மெர்வினோ, பிறகு நம் ஜெரூஷாவையே மணந்துகொண்டு, அதே இயந்திரத்தை விற்கும் கம்பெனியில் சேர்ந்து பெங்களூருக்குக் குடிபோனார். போன மாதம் இருவரும் ரயிலேறித் தாம்பரம் வந்து, உங்கள் அறை வாசலில் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஜெரூஷாவின் கையில், கடைசியாகத் தலைக்கு ஊற்றிய தேதியை வட்டமிட்ட காலண்டர் தாள்.

என்றும் உங்கள் கதவோரத்தில்,
ஸ்கேன் மைய ஊழியர்கள்