கித்தேரியம்மாள் ஊருக்குக் கிளம்பிய நாள்

பிளம்ஸ் பழத்தைக் கூடையோடு வாங்கக் கூடாது, ஐயா. ஏரிக்கரையில் விற்கிறவர்கள் மேலே நல்ல பழத்தை அடுக்கி, அடியில் அழுகலைத் தள்ளியிருப்பார்கள். சண்முகவள்ளிக்கு அது தெரியவில்லை. ஊருக்குக் கொண்டுபோக அவள் வாங்கிய கூடையை நான்தான் எடுத்துப்போய், சண்டை போட்டு மாற்றி வந்தேன். அவளுக்காக நான் செய்ததையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவள். சுதந்திரம் வந்ததும் வெள்ளைக்காரத் துரை விற்றுவிட்டுப் போக, மதுரை முதலாளி வாங்கிய பங்களா. என் வீட்டுக்காரர் அடைக்கலம் காவலுக்கு இருந்தார். அவர் செத்தபிறகு வேலை எனக்கு வந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்குச் சமைப்பது, வெந்நீர் போடுவது, கணப்பு மூட்டுவது என் சோலி. சீசன் முடிந்தால் அடுப்போடுதான் பேச்சு. சிரிக்காதீர்கள், அது பதிலுக்குப் புகையாவது விடும்.

இராமலிங்கத்துக்குப் பழனி அடிவாரத்தில் பூசைச் சாமான் கடை. பெண்சாதி சண்முகவள்ளியோடு மலையைச் சுற்றிப் பார்க்க வந்தார். சைவக்காரர்கள். அவர்கள் இருந்தவரை என் அடுப்பில் கருவாடு ஏறவில்லை. வருகிறவர்கள் என்னை ‘ஏய்’ என்பார்கள், ‘ஆயா’ என்பார்கள். சண்முகவள்ளி ‘அக்கா’ என்றாள். அடுப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருநாள் அவளுக்குத் தலைவாரி விடும்போது சொன்னாள்.

“இந்தக் குளிர்ல ஒத்தையில எதுக்குக்கா கெடக்குறீங்க? பேசாம எங்ககூட வந்துருங்க.”

“நெசமாவா சொல்லுற?”

“நெசமாத்தான்.”

அன்றைக்கே முதலாளிக்குச் சொல்லியனுப்பினேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. என் கோழிகளை அடுத்த வீட்டு முருகம்மாளுக்குக் கொடுத்தேன். அத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வந்த அன்று மூடுபனியில் தூண் பாறை தெரியவில்லை என்று கடைசி நாள் காலையில் மறுபடியும் போனார்கள். பாறை நன்றாகத் தெரிந்ததாம். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். நான் நல்ல சேலை கட்டி, அவர்கள் பெட்டிக்குப் பக்கத்தில் என் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“இது யாரு பெட்டி?” என்று இராமலிங்கம் பெண்சாதியைக் கேட்டார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அய்யோ, அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா. வீட்டுல மாமியா இருக்காங்க. நீங்க கெளம்பிருவீங்கன்னு நான் நெனைக்கலையே.”

அழுதாள். கெட்ட பெண் இல்லை. கீழே ஊர்ப்பக்கம் அப்படித்தானாம். பிரியம் வந்துவிட்டால் எங்களோடு வந்துவிடுங்கள் என்பார்களாம், யாரும் வரமாட்டார்களாம். எங்கள் மலையில் வா என்றால் வா. எனக்கு அழுகைகூட வரவில்லை. மறுபடியும் அந்த அடுப்படிக்குள் போய் உட்கார வேண்டும் என்பதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“அதனால என்ன தாயி. சாப்பிட்டுக் கொஞ்சம் படுங்க. மழையும் வருது. பஸ்ஸுக்கு வெரசா எழுப்பி விடுறேன்” என்றேன்.

கணப்புச் சட்டியில் கரி போட்டு அறையில் வைத்தேன். கரி எரிகிற அறையில் சன்னலை நாலு விரற்கடையாவது திறந்து வைக்க வேண்டும். வந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன், ஏன் என்றும் சொல்லியிருந்தேன். அடைக்கலம் சன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தவர்தான். முகம் சிவந்து, அசந்து உறங்குகிறவர் போலவே கிடந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவள் சன்னலைப் பார்க்காமல் படுக்கமாட்டாள். அன்றும் எழுந்து போனாள்.

“நீ படு தாயி, நான் பாத்துக்கிறேன்” என்றேன். நம்பிப் படுத்தாள்.

சாரல் அடித்தது, சன்னலைச் சாத்தினேன். இடுக்கில் ஏன் சாக்கைச் செருகினாய் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சாரல் இடுக்கு வழியாகவும் வரும். கதவுக்கு வெளியே நாதாங்கி போட்டது, காற்றில் அடித்துக்கொண்டு அவர்கள் உறக்கம் கெடக்கூடாது என்பதற்காக.

இரண்டு பேரும் செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தலை கனத்துக் கொஞ்சம் கூடுதலாக உறங்கி, பஸ்ஸை விட்டுவிட்டால் போதும். இன்னும் ஒரு நாள் இருந்தால் அவள் மனசு மாறியிருப்பாள். புருஷனிடம் எப்படிப் பேசுவது என்று நான் சொல்லிக்கொடுத்திருப்பேன். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நாள்தான். வேறு எந்த வழியில் அதை வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

வத்தலக்குண்டு பஸ் பங்களாவுக்குக் கீழே உள்ள வளைவில் ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்பும். அந்தச் சத்தம் கேட்டதும் கதவைத் திறப்பதாக இருந்தேன். அறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டேன். முதலில் இராமலிங்கம் இருமினார். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ விழுந்தது. அப்புறம் கதவுக்கு மிகப் பக்கத்தில், தரையோடு தரையாக, அவள் “அக்கா” என்றாள். ஒரு தடவைதான். கோபமாகக்கூட இல்லை.

“இந்தா வந்துட்டேன் தாயி” என்று நானும் சொன்னேன். பஸ் இன்னும் வளைவைத் தாண்டவில்லை, அதனால் உட்கார்ந்தே இருந்தேன்.